பூட்டிய வீட்டுக்குள் நோய்: லிவோனியா கன்னியர் இல்லம், 2020

2020 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய லிவோனியா நகரில் பெலிசியன் சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் இல்லம் ஒன்று இருக்கிறது. அன்று அங்கே 99 வயது அருட்சகோதரி ஒருவர் கொரோனாவால் இறந்தார். மே 10-க்குள், ஒரே மாதத்தில், அதே இல்லத்தில் 12 பேர் போய்விட்டார்கள். பதின்மூன்றாவது சகோதரி நோயிலிருந்து மீண்டவர். மறுபடி நலம் குன்றி ஜூன் 27 அன்று அவரும் இறந்தார். மேலும் 18 பேர் நோய் கண்டு பிழைத்தார்கள். அந்த வீட்டில் மொத்தம் இருந்தவர்களே சில டஜன் பேர்தான். இறந்தவர்களில் இளையவருக்கு 69 வயது.

அமெரிக்காவில் பெண் துறவியரின் ஒரே இல்லத்தில் இத்தனை உயிர்கள் போனது 1918 இன்ஃப்ளூயன்சாவுக்குப் பிறகு இதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது எழுதினார்கள். ஆனால் எண்ணிக்கைக்காக மட்டும் நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனா காலத்துச் செபம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மழையில் நனைந்த வத்திக்கானின் வெறும் பேதுரு சதுக்கமும், கைப்பேசியில் பார்த்த திருப்பலியும் (பூசை)தான். பங்கு (ஊர்க்கோயில்) மக்களுக்குக் கோயில் மூடியது, வீடு திறந்திருந்தது. கன்னியர் இல்லத்திலோ கோயிலும் வீடும் ஒரே கூரையின் கீழ். அங்கே கோயிலை மூடுவதென்றால், நாற்பது ஐம்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்களை ஆளுக்கொரு அறையில் பிரித்து வைப்பது என்று அர்த்தம். அப்படிப் பிரித்தபோது செப வாழ்வில் எது தாக்குப்பிடித்தது, எது உடைந்தது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பலி நின்றுபோனதற்குத் திருச்சபை ஏதோ ஒரு மாற்று வைத்திருந்தது. சாகிறவரின் கட்டிலைச் சுற்றிச் சகோதரிகள் நிற்க முடியாமல் போனதற்கு அதனிடம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

இல்லமும் சபையும்

பெலிசியன் சபை 1855-ல் வார்சாவில் தொடங்கியது. தொடங்கியவர் சோபியா த்ருஷ்கோவ்ஸ்கா. துறவறப் பெயர் அன்னை ஆஞ்சலா. 1993-ல் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிக்கு, உயர்த்தினார். ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வார்சாவின் கபுச்சின் கோயிலில் இருந்த கந்தாலிச்சே புனித பெலிக்ஸ் பீடத்தில் செபிக்கப் போவார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான் பெலிசியன் சகோதரிகள். 1863 போலந்து எழுச்சியில் காயம்பட்டவர்களுக்கு இவர்கள் சிகிச்சை செய்தார்கள். அடுத்த ஆண்டே ரஷ்யப் பேரரசு சபையைக் கலைத்துவிட்டது. ஆஸ்திரியாவின் ஆளுகையில் இருந்த கிராக்கோவில்தான் அவர்கள் மறுபடி காலூன்ற முடிந்தது. நோயாளியின் பக்கத்தில் இருப்பது இவர்களுக்குப் பின்னாளில் சேர்த்துக்கொண்ட பணி அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1874-ல் ஐந்து சகோதரிகள் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனார்கள், போலந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க. அப்புறம் டெட்ராய்ட், 1930-களில் லிவோனியா. அங்கே வாங்கிய பரந்த நிலத்தில் தாய் இல்லம் வந்தது. 1937-ல் தொடங்கிய கல்லூரி வளர்ந்து மடோனா பல்கலைக்கழகம் ஆனது. 1959-ல் மருத்துவமனையும் வந்தது. இறந்த 13 பேரில் பெரும்பாலோர் இந்த நிறுவனங்களிலோ சுற்றுவட்டாரப் பங்குப் பள்ளிகளிலோ வேலை பார்த்தவர்கள். ஒருவர் செவிலியர் கல்வி நடத்திய பேராசிரியை. மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஹைட்டிக்குப் போய்வந்தவர். இன்னொருவர் வத்திக்கான் செயலகத்தில் பணியாற்றித் திரும்பியவர். நகரத்தின் மூன்று தலைமுறைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்த ஒரு கூட்டம், ஓய்வுக்காலத்தில் ஒரே வீட்டில் கூடியிருந்தது.

கூடியிருந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1965-ல் சுமார் 1,80,000 அருட்சகோதரிகள் இருந்தார்கள். 2020-ல் சுமார் 40,000. புதிதாகச் சேர்கிறவர்கள் மிகச் சிலர்தான். இல்லங்களை மூடி மூடி, முதியவர்களை ஒரு பெரிய வீட்டில் சேர்த்து வைப்பதைத் தவிர சபைகளுக்கு வேறு வழி இல்லை. பெலிசியன் சபையே 2009-ல் தன் வட அமெரிக்கத் துறவற மாநிலங்கள் (சபையின் நிர்வாகப் பிரிவுகள்) எட்டையும் ஒன்றாக்கியது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

எப்படி உள்ளே வந்தது

தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். மிச்சிகனில் முதல் நோயாளிகள் உறுதியானது மார்ச் 10. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பார்வையாளர்களை நிறுத்தச் சொல்லி மத்திய அரசின் அறிவுரை வந்தது மார்ச் 13. அதே நாட்களில் டெட்ராய்ட் உயர் மறைமாவட்டம் (பேராயரின் கீழ் உள்ள திருச்சபைப் பகுதி) பொதுத் திருப்பலிகளை நிறுத்தியது. மாநில ஆளுநர் வீட்டிலிருக்கும் ஆணையில் கையெழுத்திட்டது மார்ச் 23. பொதுமக்கள் துணி முகக்கவசம் அணியலாம் என்று நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னதோ ஏப்ரல் 3-ல்தான். லிவோனியாவில் முதல் மரணம் ஏப்ரல் 10.

இந்த நோயில் தொற்றியதிலிருந்து மரணம் வரை பொதுவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அப்படிப் பின்னோக்கி எண்ணினால் மார்ச்சின் பிற்பாதி வரும். அதாவது பார்வையாளர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. முகக்கவசம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. பரிசோதனைக் கருவிகளுக்குப் பெரிய மருத்துவமனைகளே அல்லாடிக்கொண்டிருந்தன. இந்த இடைவெளிக்குள்தான் நோய் நுழைந்திருக்க வேண்டும். இது என் கணிப்பு. தேதிகள் வேறு கதைக்கு அதிகம் இடம் தரவில்லை.

கதவு சாத்திய வீட்டுக்குள் யார் போய்வந்தார்கள்? அறுபது வருடத்துக்கு முன்னால் என்றால் யாருமில்லை. அப்போது கிழவிகளைக் குளிப்பாட்டி உணவூட்டியவர்கள் அதே வீட்டின் இளம் சகோதரிகளும், துறவுப் பயிற்சியில் இருந்த நவகன்னியர்களும். 2020-ல் அந்த வேலையைச் செய்தவர்கள் சம்பளத்துக்கு வரும் உதவியாளர்கள். அமெரிக்காவில் இந்த வேலைக்குக் கூலி குறைவு; பலர் இரண்டு மூன்று இடங்களில் ஓடியோடிச் செய்கிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாந்து முதியோர் இல்லத்தில் நோய் வெடித்தபோதே, பல இல்லங்களில் மாறி மாறி வேலை செய்யும் ஊழியர்கள் வழியாக அது பரவுவதை ஆய்வாளர்கள் குறித்திருந்தார்கள். மார்ச் 27-ல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் கலக்கமானது. அதே பகுதியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தொற்று உறுதியான 23 பேரில் 13 பேருக்குப் பரிசோதனை நாளில் எந்த அறிகுறியும் இல்லை. வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே விடும் முறையில் பெரிய ஓட்டை இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

லிவோனியாவில் இரண்டு உதவியாளர்களுக்கு நோய் இருந்ததாகச் சகோதரிகள் காதில் விழுந்தது. பின்னர் செய்தியாளர்களிடம் பேசியபோது, அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்ற பொருளில் சொன்னார்கள். தொற்றியல் பார்வையில் இது சரியில்லை. நோய் வந்த வழி தெரிந்தால்தான் அடுத்த முறை அடைக்க முடியும். ஆனால் பழிபோட ஒரு முகம் கிடைத்திருந்தால் அந்த வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், அந்த முடிவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தினமும் தங்களைத் தூக்கி உட்காரவைக்கும் கைகளைச் சந்தேகித்துக்கொண்டு மிச்சமிருப்பவர்கள் வாழ முடியாது. இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்த பதில் இதுதான்.

நோய் உள்ளே வந்த பிறகு பரவியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரே உணவறை, ஒரே சிற்றாலயம், ஒரே பொழுதுபோக்குக் கூடம். திருச்சபைச் சட்டமே அப்படித்தான் கேட்கிறது: துறவிகள் தங்கள் சபையின் இல்லத்தில் குழும வாழ்வு வாழ வேண்டும் என்கிறது 665-ஆம் விதி. அறிவியலுக்கும் இது தெரிந்த விஷயம். நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் 678 பேரை வைத்து அமெரிக்காவில் மூளை முதுமை பற்றிப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நடந்தது. கன்னியரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி வீடு, புகை கிடையாது, பிரசவம் கிடையாது, ஒப்பிடுவது சுலபம். ஆய்வாளருக்கு வசதியாக இருந்த அதே ஒற்றுமை வைரஸுக்கும் வசதியாகிவிட்டது.

செபத்தையும் இதில் விட்டுவிட முடியாது. நாளின் குறித்த நேரங்களில் சொல்லும் செபமான திருப்புகழ்மாலையை மடங்களில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரெதிரே இரண்டு வரிசை. ஒரு வரிசை விவிலியத்தின் சங்கீதம் (திருப்பாடல்) ஒன்றின் ஒரு பத்தியைப் பாட, மற்ற வரிசை அடுத்த பத்தியைப் பாடும். நடுவில் மூச்சுவிடும் நிறுத்தம்கூட ஒன்றுபோல இருக்கும். காலைப் புகழ், மாலைப் புகழ், இரவு மன்றாட்டு, நடுவே செபமாலை. இப்போது மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் மவுன்ட் வெர்னனில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பாடகர் குழுவின் இரண்டரை மணி நேர ஒத்திகை. வந்தவர்கள் 61 பேர்; நோய் கண்டவர்கள் 53; இறந்தவர்கள் 2. ஒரு மூடிய அறையில் சேர்ந்து பாடுவது எவ்வளவு ஆபத்து என்று உலகம் கற்றுக்கொண்டது இந்த ஒத்திகையிலிருந்துதான். அது ஆய்வாக வெளிவந்ததோ மே மாதத்தில். அதற்குள் லிவோனியாவில் 12 பேர் போய்விட்டிருந்தார்கள்.

அறைக்குள் செபம்

குழுவாகக் கூடுவது நின்றது. சகோதரிகள் அவரவர் அறைக்குப் போனார்கள். செப வாழ்வின் எந்தப் பகுதி இதைத் தாண்டி நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திருப்புகழ்மாலை நின்றது என்று சொல்ல முடியாது. அது புத்தகத்தில் இருக்கிறது, நேரத்தில் இருக்கிறது. பயணத்தில், மருத்துவமனையில், மறைபரப்புத் தளத்தில் தனியாகச் சொல்லிப் பழகியதுதான். ஒரே நேரத்தில் எல்லா அறையிலும் ஒரே சங்கீதம் ஓடினால் அது குழுவின் செபமே என்பது திருச்சபையின் பழைய புரிதல். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எண்பது தொண்ணூறு வயதில் கண் மங்கிப்போனவர்கள், நினைவு தப்புகிறவர்கள் சங்கீதத்தைப் புத்தகத்திலிருந்து சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கூட்டத்தில் இருக்கும்போது வரும் வரி, தனியாக இருக்கும்போது வராது. தனிச் செபம் திடமாக இருப்பவர்களுக்குத்தான் முழு மாற்று. செபமாலை இந்த விஷயத்தில் மேல்: மணி கையில் இருக்கிறது, வார்த்தை ஐந்து வயதில் படித்தது.

திருப்பலி விஷயத்தில் ரோமை வேகமாக நடந்தது. மார்ச் 9 முதல் மே 18 வரை திருத்தந்தை பிரான்சிஸ் தன் காலைத் திருப்பலியை, தான் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்திலிருந்து நேரலையாகத் தந்தார். ரோமையின் காலை 7 மணி மிச்சிகனுக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். அங்கே உள்ளூர் மறைமாவட்ட ஒளிபரப்புதான் கைகொடுத்திருக்கும். வத்திக்கானின் மார்ச் 25 ஆணை புனித வாரச் சடங்குகளைச் சுருக்கியது: பெரிய வியாழன் பாதம் கழுவுதல் வேண்டாம், மக்கள் இல்லாமல் குருக்கள் நிறைவேற்றலாம், பெரிய வெள்ளியில் சிலுவையை முத்தமிடுவது குருவுக்கு மட்டும். மார்ச் 30-ல் பெருந்தொற்றுக் காலத்துக்கென்றே தனித் திருப்பலிச் செபங்களும், பெரிய வெள்ளி மன்றாட்டுகளில் சேர்க்க ஒரு புதிய மன்றாட்டும் வந்தன. லிவோனியாவின் முதல் மரணம் நடந்த அதே நாளில்தான் உலகெங்கும் அந்த மன்றாட்டு முதன்முறையாகச் சொல்லப்பட்டது.

பிறகு ஞான நற்கருணை. திருவிருந்தில் பங்கேற்க முடியாதவர் ஆசையால் ஆண்டவரை வாங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கம், புனித அல்போன்ஸ் லிகோரி காலத்துச் செபத்தோடு தாத்தா பாட்டி புத்தகங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. 2020-ல் எல்லாத் தொலைக்காட்சித் திருப்பலியிலும் அது திரும்பி வந்தது. பெலிசியன் சபை நற்கருணை ஆராதனையைத் தன் உயிராக வைத்திருப்பது; அங்கே இந்தப் பழக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது. துறவிகள் தினமும் திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று சொல்லும் 663-ஆம் விதியே "இயன்றவரை" என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இந்தப் பகுதியில், சரி, திருச்சபை தயாராகவே இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

கட்டிலருகே யார்

கன்னியர் இல்லத்தில் ஒரு சகோதரி சாகக் கிடந்தால் வழக்கம் இதுதான். ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்காருவார்கள், இரவிலும். குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் நடக்கும். மூச்சு மாறத் தொடங்கியதும் மணியோ தகவலோ போகும். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அறையிலும் நடையிலும் நின்று புனிதர் மன்றாட்டு மாலையும் மரியன்னைப் பாடலும் சொல்வார்கள். இறந்த பின் அவருடைய வார்த்தைப்பாட்டுச் (துறவற உறுதிமொழி) சிலுவையோடு சவப்பெட்டியில் வைப்பார்கள், இரவு விழிப்புச் செபம், ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதில் சிரிப்பும் இருக்கும். சபைக்குச் சபை விவரம் மாறும். ஆனால் பெற்ற பிள்ளை இல்லாதவர்களுக்கு இது கடைசியில் கிடைக்கும் குடும்பம் என்பது எங்கும் ஒன்றுதான். குழும வாழ்வுக்குத் தங்களைக் கொடுத்ததில் பெறுவது என்ன என்று கேட்டால் பல வயதான சகோதரிகள் சொல்லும் பதில் இந்தச் சாவுதான்.

லிவோனியாவில் இந்த வரிசையில் ஏறக்குறைய ஒவ்வொரு கண்ணியும் அறுந்தது. மருத்துவமனைக்குப் போனவர்களோடு யாரும் போக முடியாது. வீட்டிலேயே இறந்தவர்களின் அறைக்குள் கவசம் அணிந்த பணியாளர் மட்டும். வழக்கமான இறுதிச் சடங்கு இல்லை. ஒருவரை அழுது முடிப்பதற்குள் அடுத்தவர். அந்த மாதத்தைப் பற்றிப் பின்னால் பேசிய சபைப் பொறுப்பாளர் ஒருவர், துயரத்தை அடக்கவே முடியவில்லை, செய்ய வேண்டியதை எந்திரம்போலச் செய்தோம் என்ற தொனியில் சொன்னார்.

இதற்கு ரோமை கொடுத்தது என்ன? 2020 மார்ச் 20-ல் வெளியான பாவமன்னிப்புச் சலுகை மன்றத்தின் ஆணை. நோயாளிகள், பராமரிப்போர், அவர்களுக்காகச் செபிப்போர் எல்லோருக்கும் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை. நோயில் பூசுதலும் வழியுணவும் (சாகும்முன் கொடுக்கும் நற்கருணை) கிடைக்காமல் சாகிறவர்களுக்கு ஒரு தனி வாக்கியம் இருக்கிறது: வாழ்நாளில் ஏதேனும் செபங்களைச் சொல்லிவந்தவர் என்றால், அவருக்கும் அந்தப் பலன் உண்டு, வழக்கமான நிபந்தனைகளைத் திருச்சபையே அவர் சார்பில் நிறைவு செய்யும், கையில் சிலுவை ஒன்று இருப்பது நல்லது. கூடவே வந்த குறிப்பு, மருத்துவமனை வார்டு வாசலில் நின்று ஒலிபெருக்கி வைத்துக்கூடப் பொதுப் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்றது.

இந்த ஆணையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எழுபது வருடம் ஒருநாள் விடாமல் செபித்தவருக்கு அந்த வாக்கியம் அப்படியே பொருந்தும். ஆனால் அது சாகிறவருக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள கணக்கைப் பார்க்கிறது. நடையில் நின்று மன்றாட்டு மாலை சொல்ல வேண்டியவர்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவர்களுக்கும் ஒரு கடமை தவறியது, அது அவர்கள் குற்றமில்லாமல் தவறியது. ஒளிபரப்பில் திருப்பலியைப் பார்க்க முடிகிறது. ஒருவரின் கையை ஒளிபரப்பில் பிடிக்க முடியாது.

மற்ற வீடுகள்

லிவோனியா மட்டும் துரதிர்ஷ்டம் பிடித்த வீடு என்று எண்ண வேண்டாம். 2020 மார்ச்சில் ரோமை அருகே குரோத்தாஃபெராத்தாவில் புனித கமில்லுஸ் புதல்வியர் இல்லத்தில் பலருக்குத் தொற்று. நோயாளிகளைப் பராமரிக்கவென்றே ஏற்பட்ட சபை அது. திருத்தந்தையின் தர்மப் பணிகளை அப்போது கவனித்துவந்த கர்தினால் கிராயேவ்ஸ்கி, காஸ்தல் கந்தோல்ஃபோ பண்ணையிலிருந்து பாலும் தயிரும் ஏற்றிக்கொண்டு நேரில் போனார். ஆணைகளுக்கு நடுவே இது எனக்கு ஆறுதலான காட்சி. இத்தாலியின் பார்மாவில் சவேரியார் மறைபரப்புச் சபையின் தாய் இல்லத்தில், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உழைத்துத் திரும்பிய முதிய குருக்கள் பத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் இறந்தார்கள்.

விஸ்கான்சினின் எல்ம் குரோவ் லிவோனியாவைவிட யோசிக்க வைப்பது. நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகளின் ஓய்வு இல்லம். சுமார் நூறு பேர். நவம்பர் இறுதி வரை அங்கே ஒருவருக்கும் நோய் இல்லை. நன்றி நாளன்று முதல் தொற்று தெரிந்தது. டிசம்பரில் ஒரே வாரத்தில் 8 பேர் இறந்தார்கள், அதில் நால்வர் ஒரே நாளில். அதே மாதம் நியூயார்க் மாநிலத்தின் லேத்தமில் கரோந்தலே புனித சூசையப்பர் சகோதரிகள் 9 பேர். இதற்குள் முகக்கவசம் இருந்தது, பரிசோதனை இருந்தது, மவுன்ட் வெர்னன் பாடமும் கைவசம் இருந்தது. தடுப்பூசி வாசல் வரை வந்துவிட்டிருந்தது. ஆக, மார்ச் மாதத்து அறியாமைதான் லிவோனியாவைக் கொன்றது என்று முடிக்க முடியாது. வெளியே நோய் அலையடிக்கும் ஊரில், தினமும் உதவியாளர்கள் வந்து போக வேண்டிய வீட்டைக் கடைசிவரை காப்பாற்ற முடிவதில்லை.

பிரான்சின் தூலோனில் ஒரு முதியோர் இல்லத்தில் 2021 ஜனவரியில் 88 பேரில் 81 பேருக்குத் தொற்று வந்தது. அதில் ஒருவர் கண் தெரியாத அருட்சகோதரி ஆந்திரே, அப்போது வயது 116. தனக்கு வந்ததே தெரியவில்லை என்றார். பிப்ரவரி 11-ல் 117-ஆவது பிறந்தநாள் கொண்டாடினார், இறந்தது 2023-ல். இவரை வைத்து எந்த விதியும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அந்த இல்லத்தில் சுமார் பத்து பேர் பிழைக்கவில்லை.

1918-ஐ எல்லோரும் ஒப்பிடுவதால் அதையும் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் அந்த அக்டோபரில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செவிலியர் பலர் போருக்குப் போயிருந்தார்கள். உயர் மறைமாவட்டத்தின் 2,000-க்கும் மேற்பட்ட கன்னியர், பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகள், வீடு வீடாகவும் தற்காலிக மருத்துவமனைகளிலும் நோயாளிகளைப் பார்த்தார்கள். இறந்தவர்கள் 23 பேர். அவர்கள் நோயைத் தேடிப் போனவர்கள், இளையவர்கள். லிவோனியாவில் நோய் இவர்களைத் தேடி வந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. இந்தியாவில் 2021-ன் இரண்டாம் அலை பிலடெல்பியாவுக்கு நெருக்கமானது. நூற்றுக்கணக்கான குருக்களும் அருட்சகோதரிகளும் இறந்தார்கள், அவர்களில் மருத்துவமனை, பள்ளி, பங்கு என்று பணியில் இருந்தவர்கள் ஏராளம். புதுவை-கடலூர் முன்னாள் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் இறந்தது 2021 மே 4. அடக்கச் சடங்கிலும் இங்கே சில துணிச்சலான மாற்றங்கள் நடந்தன. 2020 ஜூலையிலேயே ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்டம் உடலை எரித்துச் சாம்பலைக் கல்லறையில் புதைக்க அனுமதித்தது.

எது மாற வேண்டும்

2020 டிசம்பர் 21-ல் வத்திக்கான் தடுப்பூசி போடுவதற்கு அறநெறித் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. முதியோர் இல்லங்களுக்கு முன்னுரிமை கிடைத்தது, சாவுகள் குறைந்தன. அந்த அளவில் பிரச்சினை மருத்துவத்தால் தீர்ந்தது. ஆனால் அடுத்த தொற்றுக்குத் தடுப்பூசி வரும்வரை ஒரு வருடம் ஆகலாம், அந்த ஒரு வருடத்தில் மறுபடி இதே கட்டில்கள் இருக்கும்.

என் பரிந்துரை இரண்டுதான். ஒன்று, முதியோர் இருக்கும் ஒவ்வொரு கன்னியர் இல்லமும் துணையிருப்பதற்கென்று இரண்டு மூன்று சகோதரிகளை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். அறுபதுக்குக் கீழ் உள்ளவர்கள், அந்த இல்லத்தில் இல்லாவிட்டால் வேறு இல்லத்திலிருந்து. கவசம் போடவும் கழற்றவும் பழகியிருக்க வேண்டும். நோய் நுழைந்த நாளிலிருந்து அவர்கள் நோயாளிகளோடு மட்டும் தங்குவார்கள், மற்றவர்களோடு சேரமாட்டார்கள். பெலிசியன் சபை தொடங்கிய விதத்தோடு இது ஒட்டிப்போகிற ஏற்பாடு. தன் கட்டிலருகே அப்படி ஒருவர் வேண்டுமா, அதற்காக மற்றவர் ஆபத்தில் இறங்குவதை ஏற்பாரா என்று ஒவ்வொரு முதிய சகோதரியிடமும் நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வைக்கலாம். சிலர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது, உதவியாளர்கள். ஒரே இல்லத்தில் மட்டும் வேலை செய்தால் குடும்பம் ஓடும் அளவுக்குச் சம்பளம், காய்ச்சல் என்றால் கூலி பிடிக்காமல் விடுப்பு. சளி பிடித்தாலும் வேலைக்கு வந்தே ஆகவேண்டிய நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு வாசலில் காய்ச்சல்மானி பிடிப்பதில் பயனில்லை. நிலத்தை விற்றுக் கட்டடங்களைக் குறைத்துவரும் சபைகளுக்கு இது பெரிய செலவு என்று சொல்வார்கள். பெரிய செலவுதான், வரவுசெலவுத் திட்டத்தில் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் எழுதும் இடத்திலேயே இதையும் எழுத வேண்டும்.